அவசரச் சூடம்

ஜெயக்கொடியின் வலது உள்ளங்கையில் மூன்று வருடமாகச் சூடம் எரிந்துகொண்டிருக்கிறது. கை சுடுவதில்லை. பஸ் ஏறினால் கண்டக்டர், "கைய ஜன்னலுக்கு வெளிய வச்சுக்கம்மா, டீசல் வண்டி" என்பார், அவ்வளவுதான்.

எல்லாம் அரசாங்கத்தின் அவசரத்தால் வந்தது. செஞ்சியை அடுத்த வல்லம் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளையும் நிலங்களில் ரோடு வரும் என்று பத்து வருடமாகப் பேச்சு. ஒரு கல்கூட நட்டதில்லை. ஒரு திங்கட்கிழமை திடீரென்று தலைபோகிற அவசரமாகிவிட்டது. அவசர அதிகாரத்தில் எடுப்பதால் யாரையும் கேட்க வேண்டியதில்லையாம். அடப்பாவிகளா! நிலத்துக்காரர்கள் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். போகுமுன் மேல்மலையனூர் அங்காளம்மன் வாசலில் சூடம் ஏற்றி, விலைபோகமாட்டோம் என்று ஆளுக்கு ஆள் அடித்துச் சத்தியம் செய்தார்கள். அடித்தால் அணைய வேண்டும். அணையாமல் ஜெயக்கொடி உட்பட எல்லார் கையிலும் ஒட்டிக்கொண்டது. முதலில் அடித்தவர் அவள் அண்ணன் பாண்டுரங்கன். பெற்ற நைனா விட்டுப்போன நிலமும் கிணறும் அவர் பேரில், வழக்கும் அவர் பேரில். புருஷனை இழந்து வந்த ஜெயக்கொடிக்கு அதில் பாதி என்பது வெறும் வாய்ச்சொல். அண்ணனிடம் போய் பட்டா கேட்பதா என்று அவள் இருந்துவிட்டாள்.

வழக்கு இழுத்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சம்மதக் கையெழுத்துப் போட, போட்ட கை அணைந்தது. பாண்டுரங்கன் மட்டும் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிந்தார். "காத்துல அணைஞ்சுடப் போவுது" என்றார். பைத்தியக்காரி, நம்பினாள்.

தீர்ப்பு நாளில் நீதிமன்றக் காவலர் அவள் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு நெருப்பை உள்ளே விட்டார். பத்து வருடம் பொறுத்தவர்களுக்கு மக்களை விசாரிக்க ஒரு மாதம் பொறுக்க முடியாதா என்று நீதிபதி கேட்டபோது ஜெயக்கொடிக்கு உயிர் வந்தது. அரசு வக்கீல் அசரவில்லை. மனுதாரரே சம்மதித்துவிட்டார் என்றார். பாண்டுரங்கன் துண்டை அவிழ்த்தார். வெறும் கை. அவசரம் தவறுதான், ஆனால் வழக்காட இனி ஆளில்லை என்று நீதிபதி முடித்துவிட்டார்.

"நீயாண்ணா?"

"இன்னா பண்ண சொல்ற ஜெயா? கவர்மெண்டோட மல்லுக்கு நிக்க முடியுமா? டென்ஷன் தாங்கல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

கிணற்றைத் தூர்த்து ரோடு போட்டார்கள். மேல்மலையனூருக்கு அமாவாசை ஸ்பெஷல் பஸ்கள் அதில் பறக்கின்றன. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அண்ணன் வீட்டில் நெருப்புப் பிடிப்பதில்லை. தீக்குச்சி, லைட்டர், புது கேஸ் அடுப்பு, ஒன்றும் உதவவில்லை. பொழுது சாய்ந்தால், செஞ்சிக் கோட்டைக்குப் போகும் வழியில் தங்கச்சி இருக்கும் வாடகை வீட்டு வாசலில் அகல் விளக்கோடு வந்து நிற்பார். அவள் கையை நீட்டுவாள். திரி பற்றிக்கொள்ளும். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. முன்பெல்லாம் அண்ணன் படியேறினால் "வாண்ணா, சாப்டியா?" என்பாள். இப்போது நெருப்பைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.