நாற்பத்தெட்டுக் கதவுகள்

"குடி வர்றவங்க யாரும் குளிக்கவே மாட்டாங்களா, தம்பி?"

அக்கா வரைபடத்தை என் மேசைமேல் விரித்துப் போட்டார். கட்டடச் செலவுக்கு வரைபடத்தில் அளவெடுக்கும் எங்கள் பிரிவின் தலைவி. அலுவலகம் முழுவதற்கும் அக்கா. அளந்து முடித்த இடத்துக்கு மஞ்சள் பென்சில் தீட்டுவது என் வழக்கம். எதுவும் இரண்டு முறை கணக்கில் ஏறாது, எதுவும் விட்டும் போகாது. கூடம் மஞ்சள். படுக்கையறை, சமையலறை, துணி காயப்போடும் இடம்கூட மஞ்சள். குளியலறை மட்டும் வெள்ளை.

பன்னிரண்டு மாடி, மாடிக்கு நான்கு வீடு, எல்லாம் ஒரே அமைப்பு. ஒன்றை அளந்து நாற்பத்தெட்டால் பெருக்குவோம். ஒன்றில் விட்டால் நாற்பத்தெட்டிலும் விட்டதுதான்.

"நாலு மணிக்கு டெண்டர் போகணும். போன மாசம் மாடிப்படியை விட்டுட்ட. இதுவும் மேல தெரிஞ்சா உன் வேலைக்கு நான் பேச முடியாதுப்பா. எங்க போச்சு உன்..."

பாதியில் நிறுத்தினார். வெள்ளைக் கட்டத்தைப் பார்த்தார், பிறகு என்னை. ஏழு மாதத்துக்கு முன், என் மனைவி இறந்தபோது, துக்கம் கேட்க வந்தவர். என் வீட்டுக் குளியலறைக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்ததைப் பார்த்தவர்.

"குடு, நானே அளந்துடறேன்."

"வேணாம்க்கா. நான் பண்றேன்."

அவர் போகவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு என் மற்றத் தாள்களைச் சரிபார்க்க ஆரம்பித்தார்.

நீளம் இரண்டு மீட்டர் பத்து. அகலம் ஒன்றரை. நான்கு சுவருக்கும் இரண்டு பத்து உயரம் டைல்ஸ். அதில் கதவைக் கழிக்க வேண்டும். கதவு என்பது ஒரு கோடு, அது திறக்கும் பக்கத்தில் ஒரு கால்வட்டம். கால்வட்டம் குளியலறைக்குள் இருந்தது.

அன்று அவள் மயங்கி விழுந்தது கதவுக்குப் பின்னால். தள்ளினேன். நான்கு விரல் அகலம் திறந்தது. மறுபடி தோளைக் கொடுத்துத் தள்ளினேன். தள்ளியது அவளைத்தான் என்பது பிறகு தெரிந்தது.

கதவைக் கழித்தேன். மீதி பதின்மூன்று புள்ளி ஐந்து நான்கு ஐந்து சதுர மீட்டர். நாற்பத்தெட்டால் பெருக்கி எழுதினேன். மணி மூன்றரை.

டெண்டரோடு கட்டடக் கலைஞருக்கு ஒரு சந்தேகத் தாள் போகும். டைல்ஸ் அளவு என்ன, தண்ணீர்த் தொட்டி எங்கே என்று கேட்போம். கடைசி வரியில் எழுதினேன்: குளியலறைக் கதவுகளை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்ற முடியுமா?

அக்கா படித்தார்.

"அளக்கறது மட்டும்தான் நம்ம வேலை, தம்பி."

"தெரியும்க்கா."

"பதில்கூட போட மாட்டாங்க."

"தெரியும்."

பேனாவை மூடித் திறந்தார். பிறகு அடியில் கையெழுத்துப் போட்டு எல்லாவற்றையும் உறையிலிட்டு எடுத்துப் போனார்.

வரைபடம் என்னிடம் இருந்தது. குளியலறைக்கு மஞ்சள் தீட்டினேன். கால்வட்டம் அடியில் தெரிந்தது. அழிப்பானால் தேய்த்தேன், அச்சு மை போகவில்லை. கோட்டுக்கு மறுபக்கம், நடைவழிக்குள், பென்சிலால் இன்னொரு கால்வட்டம் போட்டேன். அது படுக்கையறை வாசல்வரை வந்து நின்றது.