ஏழு சுற்று

லாஸ் தோஸ்காஸ் கடற்கரையில் தூண்டில் வீசுகிற எவனுக்கும் தெல்மிராவின் கட்டைவிரல் என்றால் கொஞ்சம் பயம்தான். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துத் தைத்துக் காய்த்துப்போன விரல் அது. காய்ப்பேறினால் உணர்ச்சி மங்கும் என்பார்கள், இவளுக்கு நேர்மாறு. தூண்டில் நரம்பை ஈரத்துணியால் துடைத்து, இரண்டு விரல்களுக்கு நடுவே மெல்ல இழுப்பாள். சிப்பி கீறின இடம் வந்ததும் விரல் நின்றுவிடும். "மாத்திக் கட்டு" என்பாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன் லர்ரன்யாகாவுக்கு நேர்ந்ததற்குப் பிறகுதான் மீன்பிடி மன்றம் அவளைப் போட்டித் தூண்டில்களுக்குப் பரிசோதகர் ஆக்கியது. பக்கத்து ஆள் வீசும்போது நரம்பு அறுந்து, நூற்றைம்பது கிராம் ஈயம் துப்பாக்கிக் குண்டாகப் பக்கவாட்டில் பறந்து வந்து அவர் தாடையைப் பெயர்த்தது. இன்றைக்கும் அவருக்குச் சூப்தான் சாப்பாடு. ஆனால் போட்டி நாளில் தவறாமல் வந்து, எடை போடும் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். யாரையும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அவர் முகமே போதும்.

வீசுகிற வேகத்தை மெல்லிய நரம்பு தாங்காது. அதன் முன்னால் தடித்த முன்நரம்பு கட்டவேண்டும். முப்பது கிராம் ஈயத்துக்கு ஐந்து கிலோ இழுவை தாங்குகிற நரம்பு. ஈயம் கூடினால் நரம்பும் தடிக்கவேண்டும். அது கம்பு நீளத்துக்கு வந்தால் மட்டும் போதாது, ரீலில் ஏழு சுற்றாவது சுற்றியிருக்கவேண்டும். அப்போதுதான் வீச்சின் முழு இழுப்பும் முடிச்சின் மேல் விழாது. மன்றத்துச் சுவரில் சிவப்புப் பெயின்டில் இதை எழுதி வைத்தவளும் தெல்மிராதான்.

அன்று காலை வரிசையில் எழுபத்தோராவது ஆளாக வந்து நின்றான் அவள் புருஷன் பால்டோமெரோ. ரீலை நீட்டியவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

துடைத்தாள், இழுத்தாள். கீறல் இல்லை. இருபத்தைந்து கிலோ நரம்பு. நூற்றைம்பது கிராமுக்குச் சரி. பிறகு சுற்றுகளை எண்ணினாள். மூன்றாவது சுற்றிலேயே முடிச்சு வந்துவிட்டது. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று இன்னொரு தரம் எண்ணினாள்.

"பால்டோ, மூணுதான் இருக்கு."

"மூணு போதும்."

"ஏழுன்னு உனக்குத் தெரியாதா?"

"ஏழு சுத்து சுத்துனா முடிச்சு கம்புல ஒவ்வொரு வளையத்துலயும் தட்டித் தட்டிப் போகுது, கெழவி. வீச்சுல பத்து மீட்டர் போச்சு. போன வருஷம் எட்டு மீட்டர் பத்தாம மீனக் கோட்டை விட்டேன், மறந்துட்டியா?" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இந்த ஒரு தடவ. நூத்தம்பதுக்கு மேல ஈயம் போடமாட்டேன். சத்தியமா."

மன்றத்து முற்றத்தில் சிவப்பு ரிப்பன் கட்டின பிக்கப் வண்டி பளபளவென்று நின்றது. ஆகப் பெரிய கறுப்புக் கொர்வினா மீனைப் பிடிக்கிறவனுக்கு அது. பால்டோமெரோ பண்ணை பண்ணையாகப் போய்க் காற்றாடிக் கிணறுகளைப் பழுதுபார்க்கிறவன். அவன் வண்டி குளிர்காலத்தோடு மூச்சை விட்டது. இப்போது மச்சினன் வண்டியில் தொற்றிக்கொண்டு போகிறான். மச்சினனோ ஏற்றிக்கொள்ளும்போது ஒன்று, இறக்கிவிடும்போது ஒன்று என்று குத்திக்காட்டாமல் விடுவதில்லை. ஐம்பது வயதில் புருஷன் அப்படிக் குறுகி உட்கார்ந்து போவதைப் பார்க்க தெல்மிராவுக்குப் பொறுக்கவில்லை. பின்னால் நின்றவன் இருமினான். அவள் கம்பில் மஞ்சள் நூலைக் கட்டிவிட்டாள். பரிசோதனை முடிந்ததற்கு அதுதான் அடையாளம்.

அடுத்தவன் ரீலில் சுற்றுகளை மூன்று தரம் எண்ணினாள்.

மதியம்வரை கடல் சும்மா கிடந்தது. எழுபத்தோராம் எண் குச்சி நட்ட இடத்தில் பால்டோமெரோ. அவனுக்கு வலப்பக்கம் எட்டு மீட்டர் தள்ளி, எழுபத்திரண்டில், ரொட்டிக்கடை எவாஞ்சலினா. அவன் வலக்கைக்காரன், பின்னாலிருந்து கம்பைச் சுழற்றி வீசுகிறவன். பாதி வீச்சில் அறுந்தால் ஈயம் போகும் பக்கம் வலம்தான். இது தெல்மிராவுக்குத் தெரியும். எவாஞ்சலினாவுக்குத் தெரியாது.

"என்ன மாஸ்டர், கடலையும் காத்தாடின்னு நெனச்சு ரிப்பேர் பண்றீங்களா?" என்று கிண்டலடித்துக்கொண்டே அவள் நண்டைத் தூண்டிலில் குத்தினாள்.

"நீ மாவு பெசையற வேலையப் பாரு. நண்ட உருட்டி உருட்டி பன் ஆக்கிட்டே."

வரிசை நெடுகச் சிரித்தார்கள். தெல்மிரா சிரிக்கவில்லை. மற்றவர்களைக் கவனிக்கிற சாக்கில் மேலும் கீழும் நடந்தாள். அவன் கம்பைப் பின்னால் கொண்டுபோகும்போதெல்லாம் நின்றுவிடுவாள். விஸ்ஸென்று சத்தம் கேட்டு, தூரத்தில் தண்ணீர் தெறித்த பிறகுதான் மூச்சு வரும். முப்பத்தொரு வீச்சு எண்ணிவிட்டாள். எண்ணவேண்டாம் என்று நினைத்தாலும் வாய் தானாக எண்ணியது.

நான்கு மணிக்குக் காற்று திசை மாறியது. தெற்கிலிருந்து ஏறி, கடலைப் பழுப்பாக்கி, வீசின ஈயத்தையெல்லாம் கரையோடு உருட்டிக்கொண்டு வந்தது. ஆட்கள் திட்டிக்கொண்டே கனத்த ஈயம் தேடிப் பெட்டிகளைத் திறந்தார்கள். பால்டோமெரோவும் திறந்தான். அவன் கையில் எடுத்த ஈயத்தை இருபது மீட்டரிலிருந்தே அவள் அடையாளம் கண்டுகொண்டாள். நூற்றியெண்பது.

அதற்கு முப்பது கிலோ நரம்பு வேண்டும். இவன் கட்டியிருப்பது இருபத்தைந்து. சுற்றோ மூன்று.

கழுத்தில் தொங்கின விசிலை வாயில் வைத்தாள். ஊதினால் மொத்தக் கரையும் நிற்கும், வந்து பார்ப்பார்கள், மஞ்சள் நூலைப் பார்ப்பார்கள். காலையில் யார் கட்டியது என்று கேட்பார்கள். லர்ரன்யாகா நாற்காலியிலிருந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது. விசில் உதட்டில் உப்புக்கரித்தது. வெட்கம்தான், வேறொன்றுமில்லை, வெட்கத்தால் அவள் அதை ஊதவில்லை.

ஓட்டமும் நடையுமாக எவாஞ்சலினாவிடம் போனாள்.

"கொஞ்சம் பின்னால வா, பொண்ணே. மேசைக்கு வந்துட்டுப் போ."

"இப்பவா? தெல்மிராம்மா, கொத்துது பாருங்க! கம்ப விட்டுட்டு நான் எங்க வர?"

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அவள் கம்பு நுனியையே பார்த்தாள். நகரமாட்டாள் என்று தெரிந்தது. தெல்மிரா திரும்பி நடந்து, இரண்டு பேருக்கும் நடுவில், புருஷனுக்கு நான்கு மீட்டர் வலப்பக்கத்தில், ஓரடி முன்னால் நின்றாள். அலை பாவாடையை நனைத்தது.

"தள்ளு, கெழவி! வீசப்போறேன்!"

"நூத்தம்பதுக்கு மேல போடமாட்டேன்னு சொன்னே."

"காத்தப் பாத்தியா? ஒரே ஒரு வீச்சு. அங்கதான் நிக்குது, எனக்குத் தெரியும்."

"அறுபடாதுன்னு உனக்கு நிச்சயமா?"

"நிச்சயம்தான்! தள்ளுன்னா!"

"அப்ப வீசு. நான் இங்கதான் நிப்பேன்."

அவன் வீசமாட்டான் என்று அவளுக்குத் திடமான நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் நின்றாள். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவன். அவள் விரலில் ஊசி ஏறினால் அவன் முகம் வெளுக்கும். திட்டுவான், காறித் துப்புவான், பிறகு ஈயத்தைக் கழற்றிவிடுவான்.

அவன் கடலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் நிற்கிற இடத்துக்கும் தன் கம்புக்கும் எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்தான். அவன் அளந்ததை அவள் கண்கூடாகப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கம்பைப் பின்னால் கொண்டுபோனான்.

அவளுக்குக் கண்ணை மூடக்கூடத் தோன்றவில்லை. கம்பு வில்லாக வளைந்தது. அடுத்த நொடி காதருகே ஏதோ கிழிந்த சத்தம்.

நரம்பு அறுபடவில்லை. ஈயம் மூன்றாவது மணல்திட்டைத் தாண்டி, யாரும் எட்டாத இடத்தில் விழுந்தது. கரையே 'ஓ'வென்று கத்தியது. ஐந்து நிமிஷத்தில் கம்பு நுனி குப்புறக் கவிழ்ந்தது.

மீனைக் கரை சேர்க்க அரை மணி நேரம் ஆயிற்று. பத்தொன்பது கிலோ, கரி பூசினாற்போல் முதுகு. ஆட்கள் பால்டோமெரோவைத் தோளில் தூக்கினார்கள். மச்சினன் கூடக் கட்டிப்பிடித்தான். எவாஞ்சலினா அவன் நெற்றியில் முத்தமிட்டு, "என் பன் நண்டுக்கு இது கெடைக்கலியே!" என்று சிரித்தாள்.

பரிசு மீனைப் பிடித்த தூண்டிலைப் பரிசோதகர் மறுபடி பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். தலைவர் சீட்டையும் பேனாவையும் நீட்டினார். கையெழுத்துப் போட்டால் வண்டி வீட்டுக்கு வந்துவிடும், எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும். பால்டோமெரோ சிரித்துக்கொண்டே ரீலைக் கொடுத்தான்.

தெல்மிரா முன்நரம்பை ரீலிலிருந்து முடிச்சுவரை அவிழ்த்துக்கொண்டே, எல்லோர் முன்னாலும் உரக்க எண்ணினாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

அங்கேயே நிறுத்திக்கொண்டாள். சிரிப்புகள் ஒவ்வொன்றாக அடங்கின.

"காலையிலயும் மூணுதான் இருந்துச்சு. எண்ணிப் பாத்துட்டுத்தான் நூல் கட்டினேன். அதுக்கு மேல நூத்தியெண்பது ஈயம் வேற போட்டிருக்கு. மீன் செல்லாது. எனக்கும் இனிமே இந்த வேலை வேண்டாம்." விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

எவாஞ்சலினா அவளையும் பால்டோமெரோவையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் நின்றிருந்த தண்ணீரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"அறுபடலியே, தெல்மிரா!" என்றான் பால்டோமெரோ. 'கெழவி' என்று கூப்பிட நா எழவில்லை. "எல்லாரும் பாத்தாங்க. யாருக்கு என்ன ஆச்சு? நீ நல்லாத்தானே நிக்கிறே?"

லர்ரன்யாகா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். 

"நான் நிக்கிறது தெரிஞ்சே வீசினே" என்றாள் தெல்மிரா.

 மேசைமேல் மீன் இன்னும் செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. அவள் கத்திரியால் கம்பிலிருந்த மஞ்சள் நூலை நறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, மச்சினன் வண்டிக்காகக் காத்திருக்காமல் மணலில் நடந்தே வீட்டுப்பக்கம் போனாள்.