அனைவருக்கும் ஊக்கு

அட்டைப்பெட்டி ஆலையின் வாசலைவிட பேனர் நீளமாகப் போய்விட்டது. காவலாளி கொஞ்சம் யோசித்துவிட்டு, மிஞ்சியதைத் தூணைச் சுற்றி மடித்துக் கட்டிவிட்டார். "பயிற்சியில் சேரும் அனைவருக்கும் ஊக்குவிப்புத் தொகை" என்று அச்சடித்ததில், தெருவுக்குத் தெரிந்தது "ஊக்கு" வரைதான். மறுபக்கமிருந்து வருகிறவர்களுக்கு "விப்புத் தொகை" மட்டும் தெரிந்தது. அது ஏதோ புது வரி என்று நினைத்து அவர்கள் வேறு வழியாகப் போகத் தொடங்கினார்கள்.

ஆலையில் எச்.ஆர். வேலை பார்த்தவளுக்கு இது தெரியாது. எச்சாரம்மா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். யாராவது வரமாட்டார்களா என்று அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தபோது, சலவைக்கடை அக்கா வந்து நின்றாள்.

"பெரிசா, சின்னதா?"

"எது?"

"ஊக்குதான். சின்னதுன்னா எனக்கு வேணாம். துணியோட வந்ததே கடையில டப்பா நிறைய கெடக்கு."

எச்சாரம்மாவின் கை தன்னையறியாமல் கைப்பைக்குள் போனது. உள்துணியில் ஒரு ஊக்கு இருந்தது. கணவர் குத்திவைத்தது. "எதுக்கும் இருக்கட்டும்" என்பார். குடைக்கும் அதே சொல், டார்ச்சுக்கும் அதே சொல். போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். ஊக்கு அங்கேயே இருந்தது.

ஆலைக்குப் புது இயந்திரம் வரப்போகிறது. அதில் ஆட்களைப் பழக்கும் செலவை அரசுத் துறை தரும். ஆனால் வகுப்பில் பாதிப் பேர் அக்கம்பக்கத் தெருக்காரர்களாக இருக்க வேண்டும்.

"ஆலையும் தெருவும் ஒட்டி இருக்கணுமாம்" என்றார் மேலாளர். "ஒட்டலைன்னா பழகின ஆளுங்களை வெளியிலேருந்து கூட்டிட்டு வந்துருவேன். பசை ஒட்டற பொம்பளைங்ககிட்ட நீங்களே பக்குவமா சொல்லிருங்க."

அந்தப் பெண்கள், துக்கம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய நாளில் ஆறுதல் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் தங்கள் டப்பாக்களை நகர்த்தி, நடுவில் அவளுக்கு இடம் விட்டார்கள். தெருவிலிருந்து ஆள் சேராவிட்டால், அவர்களைத்தான் கூப்பிட்டு வீட்டுக்குப் போகச் சொல்ல வேண்டும். தெருவோ ஆலைமேல் கடுப்பில் இருந்தது. இருட்டு விலகும் முன்பே லாரி வந்து உறுமும். "உங்க லாரி எங்க கட்டில்மேல ஏறித்தான் திரும்புது" என்று ஒரு வீட்டில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் மாமனார் காத்திருந்தார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். மகன் போன பிறகு, மருமகளைச் சீண்டுவதுதான் அவருக்கு முழுநேர வேலை.

"என்னம்மா, ஊக்கு வியாபாரம் எப்படிப் போவுது?"

"உங்களுக்கு யார் மாமா சொன்னது?"

"முடிவெட்டற கடையில வேற பேச்சே இல்ல. இவ்வளவு பெரிய கம்பெனி ஒரு ஊக்கைக் காட்டி ஆள் பிடிக்குதேன்னு சிரிக்கிறாங்க."

"காலையில பேனரைச் சரியாக் கட்டச் சொல்றேன்."

"விடும்மா. சிரிக்கிறவனாவது உங்க வாசல் பக்கம் பாக்கறான். நாளைக்கு நான் ஒரு சவரம் பண்ணிட்டு வரேன்."

"இன்னிக்குத்தானே பண்ணினீங்க?"

அவர் மொழுமொழுவென்றிருந்த கன்னத்தைத் தடவினார். "இந்தப் பக்கம் விட்டுட்டான்."

வகுப்பு தொடங்கும் நாளில் கூடம் நிரம்பி வழிந்தது. எச்சாரம்மா தன் கண்ணையே நம்பவில்லை. முன்வரிசையிலிருந்து சலவைக்கடை அக்கா அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"தங்க ஊக்காமே. எங்கிட்ட மூச்சு விடலையே நீ."

"யார் சொன்னாங்க?"

அக்கா கண்ணால் காட்டினாள். கடைசி வரிசையில் மாமனார், இரண்டு கன்னமும் பளபளக்க, மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் துறை அதிகாரி உள்ளே வந்தார். கோப்பு ஒன்றை இரண்டு கையாலும் வயிற்றுக்குக் கீழே அணைத்துப் பிடித்திருந்தார். முகம் இறுகிக் கிடந்தது. எச்சாரம்மா உட்காரச் சொன்னாள். "பரவால்ல, நிக்கிறேன்" என்றார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்துவிடும். ஆனால் பயிற்சி முடிகிற நாளில் இத்தனை கைகளும் அவள்முன் நீளும். பசைக்காரப் பெண்கள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அவள் எழுந்தாள்.

"தங்க ஊக்கு கிடையாதுங்க. பேனர்ல பாதி தூணுக்குப் பின்னாடி போயிடுச்சு. வகுப்புக்கு வர்ற ஒவ்வொரு நாளுக்கும் பணம் உண்டு. அவ்வளவுதான்."

"அப்ப இரும்பு ஊக்கு?" என்றது ஒரு குரல்.

"அதுவும் கிடையாது."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. சிலர் எழுந்தேவிட்டார்கள். கடைசி வரிசையில் மாமனாரும் எழுந்தார்.

"தங்கம்னு கிளப்பிவிட்டது நான்தான். எம் மருமகளுக்கு ஒண்ணும் தெரியாது. திட்டறவங்க என்னை வெளிய கூட்டிட்டுப் போய்த் திட்டுங்க. இங்க வகுப்பு நடக்கணும்."

"யோவ், உன்னை நம்பி எம் பொண்டாட்டிகிட்ட வேற சொல்லித் தொலைச்சிட்டேனே" என்றார் முடிவெட்டுபவர்.

"நீ அவகிட்ட சொன்னதுல எதுய்யா இதுவரைக்கும் நெசமாச்சு?"

எழுந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு கோபமாக வெளியேறுவது கஷ்டம். சலவைக்கடை அக்கா அசையவில்லை.

"காசுன்னா உக்காரலாம். ஆனா அந்த லாரிக்கு ஒரு வழி சொல்லு."

எச்சாரம்மா கதவருகே நின்ற மேலாளரைப் பார்த்தாள். கூடமே திரும்பி அவரைப் பார்த்தது. அவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

"சரி. விடிஞ்ச பிறகு வரச் சொல்றேன்."

நாலைந்து பேர் போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். பாதிக்குப் பாதி தேறிவிட்டது.

"ஆள் சரியா இருக்கு" என்றார் அதிகாரி. எச்சாரம்மா பேனாவை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கோப்பை இன்னும் இறுக்கிக்கொண்டார். பொய் சொல்லிக் கூட்டிய கூட்டம் என்பதால் மறுக்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

மாமனார் மெதுவாக அருகில் வந்தார்.

"அம்மா, அவருக்கு வேண்டியது ஊக்கம் இல்ல. ஊக்கு."

அதிகாரியின் காது சிவந்தது. "பைக்ல ஏறும்போது ஜிப்பு போயிடுச்சுங்க" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"ஐயோ, டப்பா கடையில இருக்கே" என்றாள் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி.

எச்சாரம்மா கைப்பையைத் திறந்தாள். ஊக்கு இறுகியிருந்தது. கழற்றக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சார், இது எனக்குத் திரும்ப வேணும்."

"புதுசா ஒரு அட்டை ஊக்கே வாங்கித் தர்றேம்மா."

"இல்ல சார். இதுதான் வேணும்."

மாமனார் மறுபடி மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார். இந்த முறை அது அவருக்கு வெகுநேரம் தேவைப்பட்டது.

அதிகாரி ஓரமாகப் போய்த் திரும்பி வந்து, இரண்டு கையும் வீசி நடந்து, கையெழுத்துப் போட்டார்.

துறையின் ஒப்புதல் உத்தரவு ஒரு மதிய வேளையில் வந்து சேர்ந்தது. தாள்களின் மூலையில் அந்த ஊக்கு குத்தியிருந்தது. எச்சாரம்மா சாப்பாட்டு மேசையிலேயே அதைக் கழற்றி, பையின் உள்துணியில் பழைய துளைகளைத் தேடிக் குத்தினாள். அதற்குள் காற்றில் உத்தரவு பக்கம் பக்கமாகப் பறந்தது.

"பறக்கட்டும் விடுங்கம்மா" என்றாள் பசைக்காரப் பெண்களில் ஒருத்தி, டப்பாவை மூடிவிட்டுக் குனிந்து பொறுக்கியபடி. "இனிமே நாங்க இங்கதானே இருக்கோம். ஒட்டித் தந்துடறோம்."