கேட் பாஸில் சாலமோன்

ஐந்து வருடமாகச் சுப்பராயனுக்குப் பெயர் சாலமோன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக்கும் அந்த ஆலைக்கு அவன் வேலை கேட்டு வந்த அன்று, சாலமோன் என்றொரு ஒப்பந்தக் கூலி சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போயிருந்தான். மேஸ்திரி அருணாச்சலம் அவன் விட்டுப்போன கேட் பாஸை எடுத்து இவன் கழுத்தில் மாட்டினார். முடிந்தது. ஆள் மாறியது எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

"அண்ணே, தீபாவளிக்கு லீவு..." என்று தலையைச் சொறிந்தால், "சாலமோனுக்கு இன்னாத்துக்குய்யா தீபாவளி? கிறிஸ்மஸுக்கு வந்து கேளு!" என்பார். கிறிஸ்மஸுக்கும் கொடுத்ததில்லை.

2007 ஜூன். ஆலை வாசலில் 'ஆயிரம் கோடி விற்பனை' என்று பேனர் ஆடிக்கொண்டிருந்தது. எதிரே டீக்கடையில் ரஷீத் பாய் பேப்பரைத் தட்டினார்.

"பாத்தியா? நம்ம நாட்டுப் பொருளாதாரம் லட்சம் கோடி டாலராம்!"

"தலைக்கு எவ்ளோ வருதுன்னு வகுத்துச் சொல்லு பாய்."

"வகுத்தா வரும். லிஸ்ட்டுல பேரு இருக்கணுமே? உனக்குத்தான் உன் பேரே இல்லையேய்யா!"

கடையே சிரித்தது. சுப்பராயன் சிரிக்கவில்லை. பத்து மணிக்குத் தொழிலாளர் துறை அதிகாரி வருகிறார். ஐந்து வருடம் உழைத்த தன்னை நிரந்தரமாக்கச் சொல்லி, சொந்தப் பெயரில் அவன் தபாலில் போட்ட மனுவை விசாரிக்க. அது ஜெயித்தால் சம்பளம் மூன்று மடங்கு. ஊத்துக்கோட்டையில் அம்மா வீட்டோடு இருக்கும் ஞானம்மா மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருவாள். இந்தக் கூலியில் வாடகை கொடுத்தால் அரிசி இல்லை, அரிசி வாங்கினால் வாடகை இல்லை என்று அவள் போய் ஒன்றரை வருடமாகிறது. அன்றிலிருந்து அவன் அறையில் ஒரே ஒரு தட்டுதான் நனைகிறது.

அதிகாரி வந்தார். உலைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டார்கள்.

"சுப்பராயன்னு யாரும் எங்க கிட்ட வேலை செய்யல சார்" என்றார் ஆலை மேனேஜர்.

"நான்தான் சார்!" ரேஷன் கார்டை நீட்டினான். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்ற கூலிகளைக் கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"கார்டு சரியாத்தான் இருக்கு" என்று அவர் பேனாவைத் திறந்தார். முனை காகிதத்தைத் தொட்டது.

"சாலமோன்! கிரேன் வருது, குனி!"

பின்னாலிருந்து அருணாச்சலத்தின் குரல். சுப்பராயன் சட்டென்று குனிந்து, பக்கவாட்டில் பாய்ந்து, "தோ, குனிஞ்சிட்டேன்ண்ணே!" என்றான். அந்தப் பெயருக்கு யோசிக்காமல் குனிந்த உடம்பு அது. யோசித்திருந்தால் முன்பே மூன்று முறை தலை போயிருக்கும்.

நிமிர்ந்து பார்த்தான். கிரேன் தூரத்து மூலையில் அசையாமல் நின்றது. அருணாச்சலம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி பேனாவை மூடினார். குரலில் கோபமில்லை. "பாஸ்ல சாலமோன். கூப்பிட்டா குனியறதும் சாலமோன். சுப்பராயன்னு ஒருத்தர் இங்க வேலை செஞ்சார்னு நான் எதை வெச்சு எழுதறது?"

"அப்போ சாலமோனையாவது நிரந்தரமாக்குங்க சார்."

"சாலமோன் மனு போடலையேப்பா."

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு ரூபாய் போன். ஊத்துக்கோட்டைக் கடைக்காரர் பக்கத்து வீட்டிலிருந்து ஞானம்மாவைக் கூப்பிட்டு வருவதற்குள் முதல் காசு தீர்ந்தது. இரண்டாவதைப் போட்டான்.

"இன்னா ஆச்சு? வேலை ஆயிடிச்சா?"

பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனது.

"ஏய், இருக்கியா?"

"ஞானம், ஒரே ஒரு தபா என் பேர சொல்லேன்."

"த்தூ! கட்டுன புருசன் பேர எவளாவது சொல்லுவாளா? கடையில ஆளு நிக்குது!"

"மெதுவா சொல்லு. எனக்குக் கேட்டா போதும்."

அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. மூச்சு கேட்டது.

"சு..."

கீ கீ என்று கத்திவிட்டு லைன் அறுந்தது. இன்னொரு காசுக்காகச் சட்டைப் பையைத் துழாவினான். கையில் வந்தது கேட் பாஸ் மட்டும்தான்.