பார்க்காமலே அழித்த மதிப்பெண்

தேர்வு மையத்தை விட்டு என் மகள் வெளியே வந்த நடையிலேயே காரியம் கெட்டுப்போனது தெரிந்தது.

"நல்லா எழுதினியா?"

"எழுதினேன்ப்பா. மார்க்கை கேன்சல் பண்ணிட்டேன்."

மேல்படிப்புக்குப் பல்கலைக்கழகம் கேட்கிற பரீட்சை அது. முழுக்கக் கம்ப்யூட்டரில். கடைசியில் திரை கேட்குமாம்: மதிப்பெண்ணை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா? எவ்வளவு என்று முதலில் காட்டாது. சரக்கைக் காட்டாமல் பதில் கேட்கிறவனை நான் நம்புவதில்லை.

"ஏம்மா அழிச்சே?"

"முதல் பகுதி சுலபமா இருந்துச்சு. ரெண்டாவது உயிரை வாங்கிடுச்சு. அசிங்கமான மார்க்குக்கு ஒண்ணுமே இல்லாம இருக்கறது மேல்னு தோணுச்சு."

எங்கள் மண்டிப் பழக்கம். காய்கறி மூட்டையின் அடியில் ஈரம் கசிந்தால் நான் பிரித்தே பார்க்க மாட்டேன், லாரியைத் திருப்பிவிடுவேன். பிரித்தால் பேரம் பேச வந்துவிடுவான். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவள் வேறு எப்படிச் செய்வாள்?

வீட்டுக்கு வந்ததும் கோச்சிங் மாஸ்டருக்குப் போன் போட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அடக் கடவுளே! முதல் பகுதியை நல்லா போட்டாத்தான் ரெண்டாவது கஷ்டமா வரும். கிளாஸ்ல தொண்டை கிழியச் சொன்னேனே!"

"நல்லா போட்டவளுக்கு உதை ஜாஸ்தியா? இது எந்த ஊர் நியாயம், மாஸ்டர்?" என்றேன்.

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க."

அழித்ததைத் திரும்பக் கேட்டு வாங்கலாம் என்றார் மாஸ்டர். ஆனால் வருவது எதுவோ அதைத்தான் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். மறுபடி எழுத நாள் கிடைப்பதற்குள் விண்ணப்பக் கெடு முடிந்துவிடும்.

போனை வைத்ததும் நான் சொன்னேன். "வேணாம். என்ன இருக்குன்னே தெரியாம வாங்காதே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இந்தப் படிப்பு இல்லாமல் அங்கே அவளுக்கு மேலே போக வழியில்லை. அவளுக்கு அடுத்து வந்தவன் இப்போது அவளுக்கே வேலை ஏவுகிறான்.

"லாரின்னா நாளைக்கு இன்னொண்ணு வரும்ப்பா. இன்னும் ஒரு வருஷம் அவன் கையில குட்டுப்பட என்னால ஆகாது."

மதிப்பெண்ணைத் திரும்பக் கேட்கிற பட்டனை என் முன்னாலேயே போனில் அழுத்தினாள். நான் தடுக்கவில்லை. அது என் வீட்டில் அதிசயம்.

மதிப்பெண் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. மண்டிக்கே வந்து போனை நீட்டினாள். அந்த எண் பெரிசா சின்னதா என்று எனக்கென்ன தெரியும்? அவள் முகத்தைப் பார்த்தேன்.

"கணக்குல நல்லா வந்திருக்கு. கட்டுரைதான் சுமார். பல்கலைக்கழகம் கேட்டதுக்குப் போதும்ப்பா."

"அப்போ பாஸா?"

"இதுல பாஸ், ஃபெயில் கிடையாது."

"சீட்டு?"

"அதை அவங்கதான் சொல்லணும்."

"இவ்வளவு பாடுபடுத்திட்டு இன்னும் யோசிப்பானுங்களா?"

சிரித்தாள். பரீட்சைக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சாக்குகளை ஒதுக்கி, முக்காலியை அவள் பக்கம் தள்ளினேன்.

"உட்காரு. மார்க்கை இங்கேயே இப்பவே அனுப்பு. அவனுங்க புதுசா ஏதாவது கேக்கறதுக்குள்ள."