செங்கம் ரோட்டில் குரு தரிசனம்

மறுநாள் காலைக்குள் கவிநிலா எம்.எஸ்சி. ஆய்வறிக்கையைக் கொடுத்தாக வேண்டும். வியாழன், சனி இரண்டின் துருவ ஒளிப் படங்களும் அதற்கு வேண்டும். விண்தொலைநோக்கி எடுத்தவற்றை வெளிநாட்டுத் தரவுத்தளம் ஒன்று இணையத்தில் யாருக்கும் திறந்து வைத்திருந்தது. குறுக்கே நின்றது கண்ணாயிரத்தின் டெலிபோன்தான்.

அவருடைய பிரௌசிங் சென்டரில் ஒரே கம்ப்யூட்டர், ஒரே லைன். ரிசீவரை எடுத்தால் இன்டர்நெட் அறுந்துபோகும். அன்று 2003ஆம் வருடத்துக் குரு பெயர்ச்சி. ஹோமத்துக்குப் பூ சொல்ல மூன்று முறை எடுத்துவிட்டார். மூன்று முறையும் வியாழன் பாதியில் நின்றது.

நான்காம் முறை அவர் கை நீண்டது.

“அண்ணா, குரு பகவான் இறங்கிட்டிருக்காரு. அதுவும் இன்னிக்கி. அறுத்தீங்கன்னா உங்களுக்குத்தான் பாவம்.”

கை நின்றது. வியாழனுக்குக் குரு என்றும் பெயர் உண்டுதானே என்று கவிநிலா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

படம் முழுசாக வந்தது. ஃபிளாப்பியில் ஏற்றினாள். கோளின் தலையில் நீல ஒளி வட்டம்.

“கிரீடம் வெச்சிருக்காரு, வந்து பாரு!” கண்ணாயிரம் மனைவியைக் கூப்பிட்டார். சந்திரம்மாள் தெருவையே கூப்பிட்டாள். கால் மணி நேரத்தில் மானிட்டருக்கு மஞ்சள் துண்டு, கொண்டைக்கடலை மாலை. வரிசை டீக்கடை வரை போயிற்று.

“அக்கா, இன்னும் எடுக்கணும். கொஞ்சம் நகருங்க.”

“வந்தவரை அனுப்பப் பாக்கறியா? மௌஸ்ல கைய வெச்சே, தெரியும் சேதி.”

ஆறு மணிக்குக் கடை சாத்துவார்கள். மணி ஐந்து. மௌஸ்மேல் கடலை ஒன்று விழுந்து கிடந்தது. அதை எடுப்பதுபோல் கவிநிலா ஒரு தட்டு தட்டினாள்.

மேலிருந்து கீழாக, மெதுவாக, வேறொருவர் வந்தார். தலையில் அதே ஒளி. இடுப்பில் வளையம்.

“இவரு யாரு?”

“சனீஸ்வரன்.”

சனிக்கு நேரெதிரே யாரும் நிற்பதில்லை. வரிசை மொத்தமும் பக்கவாட்டில் திரும்பியது. அப்புறம் வாசலுக்குத் திரும்பியது. சந்திரம்மாள் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு போனாள்.

கண்ணாயிரம் சுவரைப் பார்த்தபடி கேட்டார். “இன்னும் எத்தனை இருக்கு?”

“பதினொண்ணுண்ணா. போனை எடுத்தா மொதல்லருந்து வருவாரு.”

“நான் ஏன் எடுக்கறேன்?”

டெலிபோனை மடியில் வைத்துக்கொண்டு முதுகு காட்டி உட்கார்ந்தார். ஆறு மணிக்குக் கடையைச் சாத்தவில்லை.

“முடிஞ்சதும் மறக்காம குருவை வெச்சுட்டுப் போம்மா.”