ஐநூத்திப் பன்னெண்டு எழுத்து

அன்னிக்கு சாயந்திரம் ஆறரை மணிக்கு அன்புச்செல்விக்கு மீட்டிங். ஆபீஸ் மீட்டிங் இல்லை. வெப்சைட்டுக்குள்ள ஆளை எப்படி அனுமதிச்சு விடணும்னு உலகத்துக்கே பொதுவா ஒரு விதிமுறை இருக்கு. அதை எழுதுற குழுவோட மீட்டிங். அதுல ஒரு வரி அவளோடது. ரெண்டு வருஷமா விடாப்பிடியா நின்னு கொண்டுவந்த வரி. இன்னிக்கு அதை ஏத்துக்கிட்டாங்கன்னா, எழுதினவங்க பேர் வரிசையில, வேங்கிக்கால்ல வாடகை மாடியில உக்காந்திருக்கிற இவ பேரும் வந்துடும்.

அப்படி என்ன வரின்னு கேக்குறீங்களா? கஷ்டம் ஒண்ணும் இல்லை. ஒரு ஆப்புல லாகின் அழுத்தினா, அது உங்களை வேற ஒரு கம்பெனியோட பக்கத்துக்கு அனுப்பும். அங்கே பாஸ்வேர்டு போட்டுட்டுத் திரும்பி வரணும். வந்தது யாரு, எங்கேர்ந்து போனாங்கன்னு தெரியணுமே? அதுக்காக ஒரு சீட்டு கூடவே போய்க் கூடவே திரும்பும், கோயில் வாசல்ல செருப்புக்குக் குடுக்கிற டோக்கன் மாதிரி. அந்தச் சீட்டு எவ்வளவு நீளம் இருக்கலாம்னு இதுவரைக்கும் யாரும் சொல்லி வைக்கல. வில்லங்கம் பிடிச்சவன் எவனாவது மூட்டை மூட்டையா எழுதி அனுப்பி சர்வரைப் படுக்க வச்சிடலாம். அதனால சீட்டு ஐநூத்திப் பன்னெண்டு எழுத்தைத் தாண்டக்கூடாது. இதுதான் அன்புச்செல்வியோட வரி.

நல்ல வரிதான், குறை சொல்ல முடியாது. குழுவுல இருந்த ஒரு வெளிநாட்டுப் பெரியவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கிட்டிருந்தார்: "இதனால யாருக்காவது லாகின் நின்னு போகுமா?" இவளும் ஒவ்வொரு தடவையும், "யாருக்கும் நிக்காது, சோதிச்சுப் பாத்தாச்சு"ன்னு அடிச்சுச் சொன்னா. பொய் இல்லை. அவ கம்பெனி லாகின்லயே அந்த அளவைப் போட்டு ஓட்டிக்கிட்டிருந்தாங்க. ஒரு புகார் கூட வரல.

மத்தியானம் அவ அக்கா எழிலரசி போன் பண்ணினா. அடி அண்ணாமலையில, கிரிவலம் போற ரோட்டு மேல இட்லிக் கடை வச்சிருக்கிறவ. மறுநாள் பௌர்ணமி, கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்.

"பார்சல் கவர் கம்மியா இருக்குடி, வரும்போது வாங்கிட்டு வந்துடு."

"சரிக்கா. ஆர்டர் எடுக்கிற ஆப்பு ஒழுங்கா ஓடுதா?"

"நடுவுல சண்டித்தனம் பண்ணுச்சு, உள்ளயே விடல. ஆப்புக்காரன்கிட்ட கேட்டா, கடைப் பேர் நீளமாம், சுருக்குன்னான். உங்க மாமா பேரை எடுத்துட்டேன். இப்ப சரியா போவுது."

சொல்லிட்டு அடுப்புல ஏதோ பொங்குதுன்னு வச்சுட்டா. அன்புச்செல்வி உடனே லேப்டாப்பை இழுத்துக்கிட்டா. அந்த ஆப்புக்கு லாகின் குடுக்கிறது அவ கம்பெனிதான்.

'ராமதாஸ் நினைவு எழிலரசி இட்லிக் கடை, அடி அண்ணாமலை, பெரிய டாங்க் எதிரில்.' இதுதான் கடையோட முழுப் பேரு. ராமதாஸ், அக்கா வீட்டுக்காரர். இவ காலேஜ் படிச்ச காலம் பூரா, மழையானாலும் வெயிலானாலும் வண்டியில கூட்டிப்போய் பஸ் ஸ்டாண்டுல விட்டவர். அவர் போனதுக்கப்புறம்தான் அக்கா கடையே போட்டா.

சர்வர் பதிவைத் திறந்து பாத்தா. அந்த ஆப்பு, கடைப் பேரையும் விலாசத்தையும் அப்படியே சீட்டுல வச்சு அனுப்புது. இங்கிலீஷ் எழுத்துன்னா ஒரு எழுத்துக்கு ஒரு இடம். தமிழ் எழுத்து வழியில குறியீடா மாறிப் போறதால ஒன்பது இடத்தை அடைச்சுக்கும். கால், கொம்பு, புள்ளி வந்தா அது ஒவ்வொண்ணுக்கும் இன்னொரு ஒன்பது. ஐநூத்திப் பன்னெண்டு எந்த மூலைக்கு?

தமிழ்ல பேசி, தமிழ்ல சண்ட போட்டு, தமிழ்லயே கனவு காண்றவ, சோதிக்கிறப்ப மட்டும் இங்கிலீஷ் பேரா அடிச்சுச் சோதிச்சிருக்கா. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்றது? பதிவுல இன்னும் நிறைய கடைங்க இருந்துச்சு. முதல்ல முழுப் பேரோட வந்து, வாசல்லயே நின்னு, அப்புறம் பேரைக் குறைச்சுக்கிட்டு உள்ள போயிருந்தாங்க. புகார் வராததுக்குக் காரணம் இதுதான்.

டீம் லீட் அருண்பிரசாத்துக்குப் போன் போட்டா. பொறுமையா கேட்டுட்டு அவன் சொன்னான், "இன்னிக்கு வாயைத் திறக்காத. முதல்ல வரி ஏறட்டும். அடுத்த பதிப்புல திருத்திக்கலாம்."

"அடுத்த பதிப்பு வர எத்தனை வருஷம் ஆகும்னு உங்களுக்கே தெரியும் அருண்."

"ரெண்டு வருஷ உழைப்பு அன்பு. யோசிச்சுக்கோ."

யோசிச்சா. யோசிக்காம என்ன? அந்தப் பேர் வரிசையில தன் பேரைப் பாக்கணும்னு அவளுக்கு அவ்வளவு ஆசை. அக்காதான் பேரை எடுத்துட்டாளே, வேலை நடக்குதே, விட்டா என்னன்னு கூட ஒரு நிமிஷம் தோணுச்சு. தோணினதுக்கு வெக்கப்பட்டா.

ஆறரைக்கு மீட்டிங் ஆரம்பிச்சுது. இவ வரி வந்ததும் பெரியவர் வழக்கம்போல அதே கேள்வியைக் கேட்டார். இவ தண்ணியைக் குடிச்சுட்டுச் சொன்னா: "நிக்கும். எங்க அக்காவுக்கு நின்னு போச்சு. நான் தமிழ்ல சோதிக்கல. இந்த எண்ணை வாபஸ் வாங்கிக்கிறேன்."

பெரியவர், நான்தான் அப்பவே கேட்டேனேன்னு குத்திக் காட்டல. நன்றின்னு மட்டும் சொன்னார். பொதுவா ஒரே எண் வேணாம், அவங்கவங்க சர்வர் என்ன அளவு தாங்கும்னு அவங்கவங்களே வெளிப்படையா அறிவிக்கணும், எந்த மொழிக்கும் இடம் இருக்கிற மாதிரி வைக்கணும்னு முடிவாச்சு. அந்த வரியை வேற ஒருத்தர் எழுதுறதா ஒத்துக்கிட்டார். அன்புச்செல்வி பேர் எங்கேயும் வரல. லேப்டாப்பை மூடினப்ப வருத்தமாத்தான் இருந்துச்சு, அதை மறைக்கிறதுக்கில்லை.

அளவை மாத்துறதுக்கு அருண்பிரசாத் முணுமுணுத்துக்கிட்டே சம்மதிச்சான். கம்பெனி லாகின்ல அளவை நாலு மடங்கா ஏத்திட்டு அக்காவைக் கூப்பிட்டா.

"அக்கா, மாமா பேரைத் திரும்பப் போட்டு லாகின் பண்ணிப் பாரு."

"கடையில கூட்டம்டி."

"இப்பவே போடு."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம், யாரோ சட்னி கேக்குற சத்தம். அப்புறம், "போவுதுடி. முழுசா காட்டுது"ன்னா எழிலரசி.

"பேர் நீளம்னு உள்ள விடாத அந்த அளவைப் போட்டது நான்தான்க்கா."



"நீயா? மிஷினு சொல்லுது, அதுகூட யாரு மல்லுக்கட்டுறதுன்னு அவர் பேரை எடுத்துட்டேன். நீதான்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சண்ட போட்டிருப்பேனே."